கண்டக்டர் ஜப்பானுக்குப் போன வாரம்

என் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலை வரை போய்த் திரும்பும் வண்டி அவருடையது. அவர் வாழ்க்கையில் போன அதிக தூரம் சென்னை. அதுவும் தங்கையின் மாமியார் இறந்ததற்குப் போய், காரியம் முடிந்த கையோடு திரும்பிவிட்டார். ஆனால் எண்பதுகளின் பிற்பகுதியில், இடஒதுக்கீட்டுக்காக எங்கள் பக்கத்துச் சாலைகள் எல்லாம் மறிக்கப்பட்ட ஒரு வாரத்தில், அவர் ஜப்பானுக்கும் எகிப்துக்கும் ருஷ்யாவுக்கும் திபெத்துக்கும் போனார். போன இடத்தில் எல்லாம் டீ குடித்தார். அனுப்பி வைத்தவள் நான்.

நான் அப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் தற்காலிக ஓவிய ஆசிரியை. அந்தப் பள்ளியில் தற்காலிகம் என்பது நீண்ட காலம் நீடிக்கும் ஒரு நிலை. எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த அம்மாள் தற்காலிகமாகவே தலை நரைத்து, தற்காலிகமாகவே பிரிவுபசாரம் வாங்கிக்கொண்டு போனார்.

ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் ஒருநாள் பள்ளிக்கு என்னைத் தேடி வந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பாடம் நடத்தியிருந்ததால் எல்லோருக்கும் அவர் பூகோள சார்தான். கஞ்சி போட்ட வேட்டி, சட்டைப்பையில் சிவப்பு மையும் நீல மையுமாக இரண்டு பேனா. அவர் சொந்தச் செலவில் சிறுவர்களுக்கு ஒரு புத்தகம் போடப்போவதாகச் சொன்னார். உலக அதிசயங்களும் தேநீரும் என்பது புத்தகத்தின் பெயர்.

"ரெண்டுக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் பாடம் எடுத்துட்டேம்மா. பசங்களுக்குத் தலைநகரம் நிக்க மாட்டேங்குது, ஏற்றுமதி நிக்க மாட்டேங்குது. ஆனா அந்த ஊருக்காரன் இன்னா துன்றான், இன்னா குடிக்கிறான்னு சொன்னா சாவுற வரைக்கும் நிக்கும். அதனால பக்கத்துக்கு ஒரு நாடு. பின்னால அந்த ஊரு அதிசயம். முன்னால அந்த ஊரு ஆளு ஒருத்தன் டீ குடிச்சிக்கினு இருக்கான். படத்த நீ போட்டுக் குடு."

"நீங்க டீ குடிச்சி நான் பாத்ததே இல்லையே சார்."

"நான் காப்பி. அதுக்கின்னா? வடதுருவத்துக்குப் போயிட்டு வந்தா வடதுருவத்தப் பத்திப் பாடம் எடுத்தேன்?"

ஒப்புக்கொண்டேன்.

கட்டடங்கள் எளிதாகக் கிடைத்தன. ஈஃபில் கோபுரம் உரக்கடை காலண்டரில் இருந்தது. லண்டன் மணிக்கூண்டு பக்கத்து வீட்டில் முறுக்கு போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னின் மூடியில் இருந்தது. மூடியைக் கேட்டு வாங்கி வந்தேன். அந்த வீட்டு முறுக்கு நமத்துப்போன பழி என்மேல் விழுந்தது. சீனச் சுவரும் பிரமிடும் பள்ளியின் சுவர்ப்படத்தில் இருந்தன. பிரமிடின் ஒரு பக்கத்தைக் கரையான் அரித்திருந்ததால் அந்தப் பக்கத்தைச் சாயங்கால நிழலில் வைத்துவிட்டேன். ருஷ்யாக்காரர்கள் வெந்நீர் போடும் சமோவார் என்ற பாத்திரம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. சார் யோசித்துவிட்டு, "நம்ம டீக்கடை பாய்லர்தாம்மா, கொஞ்சம் நக போட்டுக்கினு இருக்கும்" என்றார். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாய்லரைப் பார்த்து வரைந்து, காதுக்கும் கழுத்துக்கும் வேண்டியதைப் போட்டுவிட்டேன்.

பாரிஸ்தான் தகராறு செய்தது. அங்கே காப்பிதான் அதிகம் என்று சாரே படித்திருந்தார். காப்பி குடிக்கும் ஊர் ஒன்று உலகத்தில் இருப்பதில் அவருக்குச் சந்தோஷம். புத்தகத்துக்கு அது உதவவில்லை என்பதில் வருத்தம். கோபுரத்தை விடவும் மனம் வரவில்லை. கடைசியில், "சுத்திப் பாக்க வந்த வெள்ளக்காரன் ஒருத்தன் அது கீழ நின்னு டீ குடிக்கிறான்னு போட்டுடு. எவனாவது குடிச்சிருப்பான்" என்று முடித்தார்.

மிச்சம் இருந்தது மனிதர்கள். ஜப்பான்காரர் எப்படி உட்காருவார், அரேபிய உடை தோளில் எப்படி விழும், எதுவும் எனக்குத் தெரியாது. சாரின் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் இருந்தார். படம் போட்ட புத்தகங்களை நூலகத்தில் எடுத்துப் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதாக எழுதியிருந்தார். உளுந்தூர்பேட்டை அச்சகத்துக்காரர், குழந்தைகள் தினத்துக்குள் புத்தகம் வேண்டுமானால் சீக்கிரம் படங்கள் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் அந்தப் பார்சலுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோதுதான் மறியல் தொடங்கியது.

படிப்பிலும் அரசு வேலையிலும் தங்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டுத்தான் எங்கள் சனம் சாலைக்கு வந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது. என் தற்காலிக நாற்காலியே அதற்குச் சாட்சி. கேட்ட முறை, மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே தள்ளுவது. வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த புளியமரங்கள் உளுந்தூர்பேட்டையிலிருந்து எங்கள் ஊர் வரை வரிசையாக விழுந்து கிடந்தன. லாரிகள் நின்றன. பஸ்கள் டிப்போவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. சென்னையில் கிளம்பிய ஜப்பான்காரர்கள் எந்த ஊரில் நின்றார்களோ தெரியாது, வரவே இல்லை.

வந்தவர் என் கணவர். தோள்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "வண்டி எப்ப எடுப்பாங்கன்னு தெரியல" என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்தார். வேலை நாளில் பகல் வெளிச்சத்தில் அவரை வீட்டில் பார்ப்பது எனக்கே புதிது. நாள் முழுக்க நின்றே பழகியவர். உட்கார்ந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்துபோய் வாசலைப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"சும்மாதான இருக்கீங்க. செத்த நேரம் ஜப்பான்காரரா இருக்கீங்களா?" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"வெள்ளிமலைக்குப் போற நேரம்கூட இல்ல. சரி."

என் கல்யாணப் புடவையை இரண்டாக மடித்து அவர் மேல் போட்டு, இடுப்பில் துண்டால் கட்டினேன். மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காரச் சொன்னேன். கையில் ஒரு கிண்ணம். மீசைதான் இடித்தது.

"அத எடுத்துட்டா நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மறியல் முடிஞ்சா நான் வண்டிக்குப் போவணும். மீச இல்லாம போயி டிக்கெட் டிக்கெட்னா எவன் காசு குடுப்பான்?"

தாளில் மீசையை நானே மெலிதாக்கினேன். கண்ணை மாற்றினேன், கன்னத்தை ஏற்றினேன். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. அவர் எங்கே உட்கார்ந்தாலும் மோவாயைக் கொஞ்சம் தூக்கி, பஸ்ஸின் கடைசி சீட்டில் டிக்கெட் வாங்காமல் எவனோ ஒளிந்திருப்பது போலத்தான் பார்ப்பார். பனி மூடிய மலைக்கு முன்னால் அமைதியாகப் பச்சைத் தேநீர் பருக வேண்டிய ஜப்பான்காரர், அந்த மலையில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் கையில் இருந்தது காலிக் கிண்ணம். வீட்டில் டீத்தூள் தீர்ந்திருந்தது. கடையிலும் இல்லை. தூள் ஏற்றி வந்த லாரி எங்கேயோ நின்றுவிட்டது. சென்னைக்குப் போக வேண்டிய பாலோ போக வழியில்லாமல் தெருத்தெருவாக வந்து, "வாங்கிக்கம்மா, ஊத்திட்டுப் போறேன், திரும்பி எடுத்துனு போவ முடியாது" என்று கெஞ்சியது. பக்கத்திலேயே கரும்பு ஆலை இருந்தும் எங்கள் தெருக்கடையில் சர்க்கரை இல்லை. உலகம் முழுக்க எப்படியெல்லாம் டீ குடிக்கிறார்கள் என்று சார் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததைப் படித்துப் படித்து எனக்கு நாக்கு வறண்டது. நாங்கள் வெறும் பாலைக் குடித்தோம்.

மறுநாள் அவர் எகிப்துக்குப் போனார். வெள்ளை வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு, கண்ணாடி டம்ளரோடு. அடுத்து ருஷ்யா. போர்வையும், பஞ்சு வைத்து ஒட்டிய தாடியும். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சுவது அந்த ஊர் வழக்கம் என்று சார் எழுதியிருந்தார். சர்க்கரைக்கு வழியில்லாததால் இவர் பல்பொடி டப்பாவின் மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சிலால் போட்டு முடித்து மைபூசிய பிறகுதான் பார்த்தேன். பழக்க தோஷத்தில் பேனாவைக் காதில் செருகியிருந்தார். நானும் அதை அப்படியே வரைந்திருந்தேன்.

இரண்டாம் முறையாக அவர் ஜப்பான்காரராக உட்கார்ந்திருந்தபோதுதான் அவருடைய அண்ணன் வந்தார். மடியில் வைத்த கை எனக்குச் சரியாக வரவில்லை என்பதால் மறுபடி புடவை கட்டி உட்கார வைத்திருந்தேன். அண்ணன் நைனார்பாளையத்தில் பயிர் வைப்பவர். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கோடாலியோடு உள்ளே வந்தவர், தம்பியைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"டேய். இன்னாடா இது?"

"ஜப்பான்ணே" என்றார் இவர், அசையாமல்.

"எது?"

நான் எழுந்து, "புஸ்தகத்துக்குப் படம் போடறேன் மாமா" என்று விளக்கினேன். அவர் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"ஊரே ரோட்டுல கெடக்குது. நீ வூட்ல பொடவ கட்டிக்கினு ஒக்காந்துனு இருக்கற. வந்து ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போடா."

"நான் கெவுருமெண்ட் ஆளுண்ணே. போட்டோ புடிச்சிட்டான்னா வேல போயிடும்."

"வேல வேணும்னுதாண்டா மரமே வெட்றோம்."

"கெடச்ச வேல போயிடும்னு சொல்றேன்."

"உன் பஸ்ஸதான் நிறுத்தறோம். நீயும் வந்து நின்னா ஒரு கெத்தா இருக்கும்."

இவர் மோவாயைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். அண்ணன் சிரித்துவிட்டார். தாள்களை என்னிடம் கொடுத்தபடி, "உலகத்துல இருக்கற எல்லா சனமும் இதுல இருக்குதா?" என்று கேட்டார்.

"முக்காவாசி நாடு இருக்குது மாமா."

"நம்ம சனம்?"

இந்தியாவுக்கு சார் தாஜ்மகாலை எழுதியிருந்தார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லாப் பக்கத்துலயும் நம்ம ஆளுதான் மாமா ஒக்காந்திருக்காரு, பாருங்க" என்றேன்.

அவர் மறுபடி பார்த்தார். எகிப்து, ருஷ்யா, திபெத். "அப்ப இந்தப் புஸ்தகத்துல நமக்கு நூத்துக்கு நூறு கெடச்சிடுச்சி" என்றார். பாலைக் குடித்துவிட்டுக் கோடாலியோடு போனார். சாயங்காலம் இவர் சட்டையை மாற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குத் தலைகாட்டப் போகிறவர் போல் மறியல் நடந்த இடம் வரை போய், கூட்டத்தின் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அன்றைக்குச் சிரித்தது அந்த வாரத்தில் எங்கள் கடைசிச் சிரிப்பு. விழுப்புரம் பக்கம் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்துப்போனதாக ரேடியோவில் வந்தது. சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு வந்தது. அதை எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அண்ணன் மறுபடி வரவில்லை. அவருக்கு என்ன ஆனதோ என்று இவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். நான் பாரிஸை வரைந்துகொண்டிருந்தேன். கோபுரத்தின் இரும்புக் கம்பிகளை ஒன்றுவிடாமல் போடுவது, ரேடியோவைக் கேட்காமல் இருக்க நல்ல வழி.

பூகோள சார் மட்டும் அந்த வாரத்திலும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார். அவர் வீடு ஊருக்கு வெளியே. சைக்கிளைத் தள்ளிக்கொண்டும், மரம் கிடந்த இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டும் வருவார். கஞ்சி போட்ட வேட்டியில் புளியிலை ஒட்டியிருக்கும். யாரும் அவரைத் தடுக்கவில்லை. கோடாலியோடு நின்றவர்களில் பலர் அவருடைய மாணவர்கள். "ஒருத்தனப் புடிச்சி, ஜப்பான் தலைநகரம் இன்னாடான்னு கேட்டேம்மா. கோடாலிய முதுகுக்குப் பின்னால மறைக்கிறான், பதிலச் சொல்ல மாட்டேங்கறான்" என்று குறைபட்டுக்கொண்டார். ருஷ்யாப் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"காதுல இன்னாம்மா இது?"

"அந்த ஊர்ல சிலர் அப்படி வச்சிக்குவாங்க சார்."

அவர் தன் குறிப்பில் அதையும் எழுதிக்கொண்டார்.

வாரம் முடிந்து மரங்களை இழுத்துப் போட்டார்கள். அண்ணன் முழுசாக வந்து சேர்ந்தார். முதுகில் தடியடி வாங்கிய தடம் மட்டும் இருந்தது. வண்டிகள் ஓடின. படங்கள் உளுந்தூர்பேட்டைக்குப் போய், குழந்தைகள் தினமும் போன பிறகு புத்தகமாக வந்தன. அட்டையில் கோபுரத்தின் கீழே தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், மோவாயைத் தூக்கிக்கொண்டு டீ குடித்தார். புத்தகம் கடைகளில் நகரவில்லை. சார் தளரவில்லை. மலைமேல் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு ஒரு கட்டைக் கொடுத்துவிடலாம் என்றார். "அந்தப் பசங்கதாம்மா ஒலகத்தப் பாக்காதவங்க" என்றார், கடலூரைத் தாண்டாத அவர்.

அப்படித்தான் நானும் சாரும் என் கணவருடைய வண்டியிலேயே மலைக்குப் போனோம். கணவராக இருந்தாலும் டிக்கெட் கிழித்துத்தான் கொடுத்தார். வளைவுகளில் சார் கண்ணை மூடிக்கொண்டு, மலையின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளியின் முன்னால் இறங்கியபோது வாசலில் சில பெற்றோர் காத்திருந்தார்கள். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள். வண்டி மேலே போய்த் திரும்பி வரும்வரை எங்களுக்கு நேரம் இருந்தது. சார் பேசினார். பிள்ளைகள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துப் புரட்டினார்கள். சத்தமே இல்லை. பிறகு ஒரு குசுகுசுப்பு வரிசையாக ஓடியது. ஒருத்தி பக்கத்தைக் காட்ட, இன்னொருத்தி வேறு பக்கத்தைத் திறந்து காட்டினாள். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பூகோளம் கடைசியில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வண்டி திரும்பி வந்து நின்றது. என் கணவர் படியில் இருந்து இறங்கியதும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். புத்தகத்தைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள். ஒரு பெண் தைரியமாக முன்னால் போனாள்.

"கண்டக்டரு, இது நீங்கதான?"

அவர் குனிந்து பார்த்தார். பனிமலை, கிண்ணம், கல்யாணப் புடவை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

"இது?"

"அதுவும்."

"மறியலப்ப பஸ்ஸே வரலையே, அந்த வாரந்தான் போயிருந்தீங்களா?"

அவர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து போஸ் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தால் எந்த மனிதனுக்கும் கொஞ்சம் தலை சுற்றும். "ஆமா, வேல இல்லல்ல. ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்" என்றார். எகிப்தில் வெயில் ஜாஸ்தியா என்று கேட்டார்கள். ஜாஸ்திதான் என்றார். ஜப்பானில் டீ எப்படி என்று கேட்டார்கள். சர்க்கரை கம்மி என்றார். சார் ஒரு மூலையில் நின்று, பொய் என்று சொல்வதா, தகவல் சரிதானே என்று விடுவதா என்ற குழப்பத்தில் இருந்தார்.

அப்போது பெற்றோர்கள் பக்கமிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மலைக்காரர். மேலே ஏதோ ஊரில் சாமை விதைக்கிறவர். பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். பேத்தியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் என் கணவரிடம். "அந்த வாரந்தான் எங்க சின்ன மருமவளுக்கு நோவு எடுத்திச்சி. வண்டி வரும் வரும்னு ரோட்டாண்ட ஒக்காந்திருந்தோம். வரல. அப்பறம் கம்பளிய மூங்கில்ல கட்டி, அதுல போட்டுத் தூக்கினு எறங்குனோம்."

என் கணவர் தோள்பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கீழ போனா ரோட்டுல மரம் கெடக்குது. நெறைய ஆளுங்க. எங்க போறீங்கன்னாங்க, சொன்னோம். நீங்க இன்னா சனம்னாங்க, சொன்னோம். ஒங்களுக்குத்தான் ஏற்கெனவே குடுத்திருக்குதே, எங்களுக்குத்தான் இல்லன்னாங்க. எங்களுக்கு இன்னா குடுத்திருக்குதுன்னு கேக்கலாம்னு பாத்தேன். அவ கத்திக்கினு இருந்தா, கேக்க முடியல. பாவம், நல்ல ஆளுங்கதான். மரத்து மேல அவங்களே கை மாத்தித் தூக்கி விட்டாங்க. கொஞ்ச தூரம் கூடவும் வந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு உள்ள போறதுக்குள்ள கொழந்த பொறந்துடுச்சி. ஆம்பளப் புள்ள."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"இருக்காங்க. அவளுக்குத்தான் இன்னம் இடுப்பு சரியில்ல." பிறகு அவர் மறுபடி என் கணவர் பக்கம் திரும்பினார். குரலில் கோபமோ கேலியோ இல்லை. மழை எப்போது வரும் என்று விசாரிப்பவர் போலத்தான் கேட்டார்.

"அடுத்த தபா அந்த மாதிரி ஊருக்கெல்லாம் போறதா இருந்தா, மொத நாளே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்க. நாங்க முன்னாலயே எறங்கிடுவோம்."

"சரிங்க" என்றார் என் கணவர்.

மலைக்காரர் உண்மையில் நம்பித்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. இறங்கும்போது வண்டியில் கூட்டம் இல்லை. இவர் பின்படியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சார் என் பக்கம் சாய்ந்து, "அந்தக் கிண்ணம் காலின்னு அவருகிட்ட சொல்லி இருக்கலாம்மா" என்றார். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. இவர் விசில் கொடுக்க மறந்ததில் இரண்டு நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போய்விட்டது. டிரைவர் திட்டினார்.

வீட்டில் சாப்பிடும்போது, "நான் வண்டி எடுக்க முடியாதுதான? டிப்போவுல பூட்டி வச்சிட்டான். நான் இன்னா பண்ணியிருக்க முடியும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றேன்.

"அப்பறம் ஏன் எனக்கு ஒரு மாதிரி இருக்குது?"

எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அந்த வாரத்தை நினைத்தால், இரும்புக் கோபுரத்தின் ஒரு கம்பிகூட விட்டுப்போகாமல் வரைந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சில நாள் கழித்து அந்த மலைக்காரரை வண்டியில் பார்த்ததாக இவர் சொன்னார். மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டாராம். நான் எங்கேயும் போகலைங்க, வூட்லதான் இருந்தேன், என் வூட்டுக்காரி படம் போட்டா, டம்ளர்ல டீகூட இல்ல என்று எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"வூட்லயேவா இருந்தீங்க? அதுக்கு ஜப்பானே பரவாயில்லையேன்னாரு."

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்தது. அரசு மாறி, கேட்டதில் ஒரு பங்கு வந்தது. எங்களோடு இன்னும் பல சாதிகளையும் ஒரே பட்டியலில் வைத்துக் கொடுத்ததில் அண்ணனுக்குத் திருப்தியில்லை. அவர் இன்னொரு மறியலுக்குத் தயாரானார். எனக்கு வேலை நிரந்தரமானது. அதுவும் பதிவு மூப்பில்தான். நேர்காணலுக்குப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். யாரும் அதைத் திறக்கவில்லை. சார் இரண்டாம் பதிப்பு போட ஆசைப்பட்டு, "இந்த தபா ஒவ்வொரு நாட்டுக்கும் வேற வேற ஆளா போடும்மா" என்றார். பதிப்புக்கு முன்னால் அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது.

என் கணவர் ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டார். பந்த், மறியல், வேலைநிறுத்தம் என்று பேச்சு அடிபட்டாலே, முதல் நாள் கடைசி டிரிப்பில் மலையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, "நாளைக்கு வண்டி வராதுங்க, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி போறவங்க இப்பவே ஏறிக்குங்க" என்று சத்தம் போட்டுச் சொல்வார். நேரம் ஆவதாக டிரைவர் முணுமுணுப்பார். எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் பந்துக்குப் பஞ்சம் இல்லாததால் அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. எப்படியோ அது மலையில் வேறு விதமாகப் பரவிவிட்டது. அவர் நின்று சொல்லும்போதே, "இந்த தபா எந்த தேசங்க?" என்று யாராவது கேட்பார்கள். இவர் முறைப்பார். ஆனால் பிள்ளைகள் கேட்டால் எகிப்து என்பார், சீனா என்பார்.

ஒருமுறை பந்தில்லை, எதுவுமில்லை. என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போவதற்காக ஒருநாள் லீவு போட்டிருந்தார். பழக்கத்தில் அதையும் மேலே சொல்லிவிட்டார். கடைசி நிறுத்தத்தில், இடுப்பில் ஆண்பிள்ளையோடு நின்ற ஒரு பெண் எந்த ஊர் என்று கேட்டாளாம்.

"உளுந்தூர்பேட்டைதாம்மா" என்றாராம் இவர்.

அவள் நம்பவில்லை. சொல்ல இஷ்டமில்லை என்றால் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம்.